தலைவலி மாத்திரைதான் என்றார்கள்

கல்யாணமாகிப் பதினெட்டாவது நாள் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் கைப்பையில் சார்ஜரைத் தேடும்போது ஒரு மாத்திரை அட்டை கையில் சிக்குகிறது. பத்தில் நான்கு காலி. "என்னது இது?" என்று கேட்டால் "தலைவலிக்கு" என்று பதில். மாமியாருக்கு போன் போட்டால், "ஆமாங்க மாப்ள, அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே ஒத்தத் தலைவலி. டென்ஷன் ஆனா வரும்" என்கிறார். அட்டையில் உள்ள பெயரைத் தேடிப் பார்க்கிறார் மாப்பிள்ளை. சோடியம் வால்ப்ரோயேட். வலிப்புக்குத் தருவார்கள் என்று போட்டிருக்கிறது. இருமுனை மனநிலைக் கோளாறுக்கும் தருவார்கள். அன்றைக்கு இரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

இங்கே ஏமாந்ததாக நினைப்பவர் மாப்பிள்ளை. இதை அப்படியே திருப்பிப் போட்டால் பெண் வீட்டுக் கதை. பையனுக்கு ஏழெட்டு வருடமாக வைத்தியம் நடக்கும். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நகையும் சீரும் வாங்கிக்கொண்டு மணமேடையில் உட்கார வைத்திருப்பார்கள். இரண்டுமே குடும்ப நல நீதிமன்றங்களுக்குப் பழகிய வழக்குகள்தான்.

இந்த நிலையில் வக்கீலிடம் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த நோய் இருந்தா கல்யாணத்தை கேன்சல் பண்ண முடியுமா சார்?" பதில் கிடைக்காத கேள்வி இது. சட்டத்திடம் நோய்களின் பட்டியல் எதுவும் இல்லை. அது கேட்பது வேறு. என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், உங்களுக்கு உண்மை எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்வியில்தான் பல வழக்குகள் கவிழ்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விவாகரத்து என்பது நடந்த கல்யாணத்தை முடித்துவைப்பது. ரத்து என்பது அந்தக் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் நிற்கவே இல்லை என்று அறிவிப்பது. வக்கீல்கள் பேச்சில் இது 'நல்லிட்டி'. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. பிரிவு 11 தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணங்களைப் பற்றியது. ஏற்கெனவே உயிரோடு ஒரு கணவனோ மனைவியோ இருக்கும்போது நடந்தது, விலக்கப்பட்ட உறவுக்குள் நடந்தது போன்றவை அதில் வரும். பிரிவு 12 வேறு வகை. அதில் வரும் திருமணம் செல்லும். ஆனால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய்க் கேட்டால் அதை ரத்து செய்யலாம். கேட்காமல் விட்டால் ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும் திருமணம்தான். நோயை மறைத்த விவகாரம் வருவது இந்தப் பன்னிரண்டில். கோயிலில் நடந்ததா, மண்டபத்திலா, தமிழ்நாட்டுக்கே உரிய சுயமரியாதைத் திருமணமா என்பதெல்லாம் இதில் பொருட்டில்லை. திருமணத்தைப் பதிவு செய்துவிட்டோமே என்பதும் தடையில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவாளர் முன் நடந்ததென்றால் மட்டும் அந்தச் சட்டத்தின் பிரிவைத் தேட வேண்டும்.

மூன்று வாசல்கள்

பிரிவு 12-க்குள் நுழைய, நோய் தொடர்பாக மூன்று வாசல்கள் இருக்கின்றன. எதில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து நிரூபிக்க வேண்டியதும் மாறும்.

முதல் வாசல், எதிர்த்தரப்பின் இயலாமையால் தாம்பத்திய உறவே நடக்கவில்லை என்பது. இதில் மறைத்தார்களா இல்லையா என்ற கேள்வியே எழாது. அவருக்கே தெரியாமல் இருந்திருந்தாலும் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். குழந்தை பிறக்காது என்பதும் உறவுக்கு இயலாது என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி மனு எழுதி, பிறகு குறுக்கு விசாரணையில் திணறுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, மனநோய். திருமணத்தின்போது சம்மதம் தரும் மனநிலையிலேயே இல்லாதவர் ஒரு வகை. சம்மதம் தர முடிந்தாலும், இல்லறத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் தகுதியில்லாத அளவுக்கு மனக்கோளாறு உள்ளவர் இன்னொரு வகை. அடிக்கடி புத்தி பேதலிப்பவர் மூன்றாவது. இங்கே கனமான சொல் 'அளவுக்கு' என்பதுதான். சீட்டில் 'ஸ்கிசோஃப்ரினியா', அதாவது மனச்சிதைவு நோய் என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் போதாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் சொல்லிவிட்டது. அதே பெயர் கொண்ட நோயோடு மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவரும் இருக்கிறார், வாசற்படி தாண்டாதவரும் இருக்கிறார். 2001-இல் ரத்து கேட்டு வந்த வழக்கிலும், இயல்பான இல்லறமே சாத்தியமில்லை என்று நிறுவினால் ஒழிய ஒரு பெண்ணுக்கு அந்த முத்திரையைக் குத்த முடியாது என்ற நிலையைத்தான் உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2013-இல் வந்த இன்னொரு தீர்ப்பில், ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லி விவாகரத்துக் கேட்ட கணவருக்கு அது கிடைக்கவில்லை. அந்த மனைவியே ஒரு மருத்துவர்.

2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டறிந்ததாலேயே அவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை அறிவிக்க வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம் என்கிறது அது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒரு வார்த்தையில் ஆளை முடித்துக்கட்டும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர். அதனால்தான் இந்த வாசலில் நுழைபவர்களுக்குப் பாதை குறுகல்.

மூன்றாவது வாசல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். வற்புறுத்தியோ மோசடி செய்தோ சம்மதம் வாங்கியது. சட்டம் இப்போது சொல்வது இதுதான்: சடங்கின் தன்மை குறித்தோ, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மை அல்லது சூழ்நிலை குறித்தோ மோசடி நடந்திருந்தால் திருமணத்தை ரத்து செய்யலாம். இந்த விளக்கம் 1976-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு வெறுமனே 'மோசடி' என்றுதான் இருந்தது. இந்துத் திருமணம் ஒப்பந்தம் அல்ல, சடங்கு. யாரைக் கட்டுகிறோம், என்ன சடங்கு நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் சம்மதம் சம்மதம்தான் என்று அந்தக் கால நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. நோயை மறைத்தார்கள் என்று வந்தவர்களுக்கு அன்று கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

1976 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. 1955-இல் எழுதியபோது சட்டத்தில் இருந்த சொற்கள் 'இடியட்', 'லூனடிக்'. அவற்றை எடுத்துவிட்டு மனக்கோளாறு பற்றிய விரிவான வாசகத்தை வைத்தார்கள். கூடவே வலிப்பையும் சேர்த்தார்கள். அடிக்கடி வலிப்பு வருபவரின் திருமணத்தை ரத்து செய்யலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே 23 வருடம் இருந்தது. மாத்திரையில் கட்டுப்படக்கூடிய, மூளையின் மின் ஓட்டத்தில் ஏற்படும் ஒரு கோளாறைப் பைத்தியத்தின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். 1999-இல் ஒரு திருத்தச் சட்டம் அந்தச் சொல்லை நீக்கியது. 2019-இல் தொழுநோயும் விவாகரத்துக் காரணங்களிலிருந்து போனது. அதாவது நோயின் பெயரை வைத்துத் திருமணத்தை முறிக்கும் வழியைச் சட்டம் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பொய்யை வைத்து முறிக்கும் வழி மட்டும் அகலமாகியிருக்கிறது. இது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆயிரம் பொய்யில் எந்தப் பொய்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அது 'பொய்' இல்லை, ஆயிரம் பேரிடம் 'போய்ச்' சொல்லி என்பதுதான் திரிந்தது என்று விளக்கம் தருபவர்களும் உண்டு. எப்படியோ, பெண் பார்க்கும் கூடத்தில் சொல்லப்படும் எல்லாப் பொய்யையும் நீதிமன்றம் மோசடியாக எடுத்துக்கொள்வதில்லை. "பொண்ணு நல்லா சமைப்பா", "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்பதெல்லாம் கூட்டிச் சொல்வது. எல்லா வீட்டிலும் நடப்பது.

முக்கியமான உண்மை என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. தீர்ப்புகள் வழியாக வந்த அளவுகோல் சுமாராக இப்படி: அது முன்பே தெரிந்திருந்தால் சாதாரண மனிதர் ஒருவர் இந்தச் சம்மதத்தைக் கொடுத்திருப்பாரா? இல்லற வாழ்க்கையின் அடிப்படையையே பாதிக்கக்கூடிய விஷயமா? தைராய்டு மாத்திரை, கண்ணாடியின் பவர், பத்து வயதில் வந்து போன டைஃபாய்டு ஆகியவை இதில் சேராது. வருடக்கணக்கில் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை பெற்ற கடுமையான மனநோய், தொற்றிக்கொள்ளக்கூடிய பால்வினை நோய் போன்றவை சேர வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில் பெரிய சாம்பல் நிறப் பகுதி ஒன்று கிடக்கிறது. கட்டுப்பாட்டில் உள்ள வலிப்பு அதில்தான் வரும். தனிக் காரணமாக இருந்த இடத்திலிருந்து அதை நீக்கியாகிவிட்டது. ஆனால் நேரடியாகக் கேட்டும் இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் அது மோசடி ஆகுமா என்று வாதாட இடம் இருக்கிறது. வலிப்பு தீராத நோயும் அல்ல, மனக்கோளாறும் அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2023-இல் சொன்னதை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் வைத்திருப்பார்.

கேட்டும் பொய் சொன்னார்களா, கேட்காததால் பேசாமல் இருந்தார்களா என்பது பெரிய வித்தியாசம். எல்லா உயர் நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வாய்மூடி இருந்ததையே மோசடியாகப் பார்த்த தீர்ப்புகள் இருக்கின்றன. வெறும் மௌனம் போதாது என்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. அதனால்தான் குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி இது:

"பெண் பார்க்கப் போனப்போ ஜாதகம் கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"எத்தனை பவுன்னு கேட்டீங்களா?"

"அவங்களாத்தான் சொன்னாங்க."

"உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டீங்களா?"

பெரும்பாலானவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நம் கூடத்தில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு. பத்துப் பொருத்தம் பார்க்கலாம், செவ்வாய் தோஷம் பார்க்கலாம், "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். கேட்காததாலேயே வழக்கு தோற்றுவிடும் என்று இல்லை. ஆனால் கேட்டிருந்து, இல்லை என்று பதில் வந்திருந்தால், அந்த ஒரு வாக்கியம் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

இன்னொரு நுணுக்கம். பொய்யைச் சொன்னது பெண்ணோ பையனோ இல்லை, அவர்களுடைய அப்பா அம்மா, மாமா, தரகர் என்றால்? சட்டத்தின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால், மோசடி எதிர்த்தரப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதிர்த்தரப்பே செய்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணத்தில் இது நியாயம்தான். சில வழக்குகளில் நோயாளிக்கே தன் நோயின் பெயர் தெரியாது. "சத்து மாத்திரை" என்று சொல்லித்தான் வீட்டில் கொடுத்திருப்பார்கள். அவர்களை நினைத்தால் ஏமாந்தவர்களின் எண்ணிக்கை இரண்டாகிவிடுகிறது.

2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். திருமணம் நடந்தது 2005-இல். பெண் படிப்பை ஏன் பாதியில் நிறுத்தினாள் என்பதற்குக் கிடைத்த பதில், தலைவலி. தலைவலி ஒரு நோயல்ல, நோயின் அறிகுறி, எதனால் அப்படி ஒரு தலைவலி என்று சொல்லவே இல்லையே என்று நீதிபதிகள் கேட்டார்கள். மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு வர அந்தப் பெண் மறுத்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மனநோயைச் சொல்லாமல் விட்டது கணவர் மேல் நடந்த மோசடி என்று திருமணத்தை ரத்து செய்தார்கள். வழக்கில் ஜெயித்தவருக்குக் கிட்டத்தட்ட பதினாறு வருடம் போயிருந்தது. ரத்து மனுவை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதியிருப்பதை இந்த இடத்தில் சொன்னால் சிரிப்பீர்கள்.

நோய் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், புற்றுநோயால் மனைவியின் கருப்பையை எடுத்ததைச் சுட்டி, மறைத்துவிட்டார்கள், கொடுமை என்றெல்லாம் கணவர் சொன்னார். நோய் தெரிந்ததே மணவாழ்க்கையின்போதுதான், இதில் மறைப்பும் இல்லை கொடுமையும் இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

ஒரு வருடக் கணக்கு

இப்போது அந்தக் கைப்பைக்குத் திரும்புவோம். அட்டையைப் பார்த்தாயிற்று, சந்தேகம் வந்தாயிற்று. அப்புறம் என்ன நடக்கும்? பெரியவர்கள் கூடுவார்கள். பெண்ணின் சித்தப்பா வருவார். "தெரியாம நடந்துபோச்சு. இப்போ நல்லா இருக்கா. ஒரு ஆறு மாசம் பாருங்க" என்பார். இவர் வீட்டில், "வெளில தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்" என்பார்கள். மனிதர்களாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி அந்த ஆறு மாதம்தான் கண்ணி.

மோசடியைக் காரணம் காட்டும் மனுவுக்குச் சட்டம் இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறது. மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கல்யாண நாளிலிருந்து அல்ல, தெரிந்த நாளிலிருந்து. இரண்டாவது பூட்டு இன்னும் கடினம். தெரிந்த பிறகு, முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் மனுவையே ஏற்க முடியாது. ஒரு வருடம் ஆகாவிட்டாலும் சரி. "தெரிஞ்சும் பொங்கலுக்குச் சேர்ந்து ஊருக்குப் போனீங்களே, இந்த போட்டோ யாரோடது?" என்று கேட்பதற்கு எதிர்த்தரப்புக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலே சேர்ந்து வாழ்ந்ததாகிவிடாது என்று வாதாடலாம். ஆனால் அது ஏற்கெனவே சரிவில் நின்றுகொண்டு செய்யும் வாதம்.

தெரிந்த நாள் எது என்பதே பெரிய சண்டையாகும். அட்டையைப் பார்த்த நாளா, டாக்டரிடம் போய்க் கேட்ட நாளா, பழைய மருத்துவச் சீட்டு கையில் கிடைத்த நாளா? வெறும் சந்தேகம் வேறு, தெரிவது வேறு. எது எந்தத் தேதியில் நடந்தது என்று அன்றன்றே ஒரு தாளில் குறித்து வைத்திருப்பவருக்கு இது எளிது. மோசடி என்று சொல்பவர் யார், எப்போது, என்ன சொன்னார் என்ற விவரத்தோடு மனுவில் எழுத வேண்டும் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டமும் கேட்கிறது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விவாகரத்து மனுவைத் திருமணமாகி ஒரு வருடம் ஆகும் முன் போட முடியாது, மிகக் கடுமையான கஷ்டம் என்று நீதிமன்றம் அனுமதித்தால் தவிர. மோசடி மனுவையோ, தெரிந்து ஒரு வருடம் ஆன பின் போட முடியாது. "ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் கேஸ் போடலாம்" என்று அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்து, ரத்துக் கேட்கும் உரிமையை இழப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள்தான்.

மற்ற இரண்டு வாசல்களுக்கும் இந்த ஒரு வருடக் கெடு இல்லை. ஆனாலும் காரணமில்லாமல் தாமதித்தால் நீதிமன்றம் கேள்வி கேட்கும்.

மாத்திரை அட்டை ஆதாரமா

ஆதாரம் இல்லை, துப்பு. வால்ப்ரோயேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தரும் அதே மருந்தை, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் மருத்துவர்கள் எழுதுவார்கள். அந்த மாமியார் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கூகுளில் பார்த்துவிட்டு, "பைத்தியத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள்" என்று உறவினர் குழுவில் எழுதிவிட்டால், பிறகு கொடுமை வழக்கு திரும்பி வரும்போது அந்தச் செய்திதான் முதல் சான்றாவணம்.

வழக்கை நிறுத்துவது கல்யாணத்துக்கு முந்தைய தேதியிட்ட காகிதம். மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில். மருத்துவமனையில் போய் "என் மனைவிதான், ரிக்கார்டைக் கொடுங்கள்" என்று கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மனநல விஷயத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் சட்ட உரிமை. நீதிமன்றம் வழியாக அழைப்பாணை அனுப்பித்தான் ஆவணத்தையும் டாக்டரையும் கொண்டுவர வேண்டும். டாக்டர் கூண்டில் ஏறி, இவருக்கு நான் இந்த வருடத்திலிருந்து வைத்தியம் பார்த்தேன், கூட வந்தது இவருடைய அப்பா என்று சொன்னால், நோய், தேதி, வீட்டாருக்குத் தெரிந்திருந்தது மூன்றும் ஒரே மூச்சில் நிரூபணமாகிவிடும்.

எதிர்த்தரப்பை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்கலாமா? கேட்கலாம். குடும்ப வழக்கு விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு, அது தனிமனித உரிமையை மீறுவதாகாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே தீர்ப்பில் கடிவாளமும் இருக்கிறது. முதல் பார்வைக்கே வலுவான ஆதாரம் இருந்தால்தான் உத்தரவிட வேண்டும். உத்தரவிட்ட பிறகும் ஒருவர் போகவில்லையென்றால் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். மறுத்ததை அவருக்கு எதிராக நீதிபதி எடுத்துக்கொள்ளலாம். மனநோய்க்குக் காட்டும் ஆதாரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால், அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2017 சட்டமும் சொல்கிறது. எதிர்த்தரப்பு உண்மையிலேயே தன் வழக்கை நடத்த முடியாத மனநிலையில் இருந்தால் அவர் சார்பில் ஒரு காப்பாளரை நியமித்துத்தான் விசாரணையே நடக்க வேண்டும். இதைச் செய்யாமல் வாங்கிய ஒருதலைத் தீர்ப்பு பிறகு நிற்காது.

போன் ரிக்கார்டிங் வைத்திருக்கிறேன், செல்லுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் குடும்ப வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்பது வேறு, நம்புவது வேறு. வெட்டி ஒட்டாத முழுப் பதிவும், பதிவான போனும் கையில் இருக்க வேண்டும்.

மனுவை எங்கே போடுவது? திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்திருந்த ஊர், இவற்றில் ஒன்று. மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில். விசாரணை மூடிய அறையில் நடக்கும், விவரத்தை வெளியிடக் கூடாது. முதலில் கவுன்சலிங், சமரசம் என்று சில வாய்தாக்கள் போகும்.

சமரசத்தில்தான் பல வழக்குகள் வேறு பாதைக்குத் திரும்புகின்றன. "ரத்துன்னு வேண்டாம், மியூச்சுவல்ல முடிச்சுக்கலாம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவர்களுக்குத் தீர்ப்பில் நோய், மோசடி என்ற சொற்கள் வரக்கூடாது. இவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இலிருந்து வழி இருக்கிறது. இரண்டு தரப்பும் பேசிவைத்துக்கொண்டு ரத்தையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டாலும் மோசடி நடந்தது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். கூட்டுச் சேர்ந்து போட்ட மனு அல்ல என்று மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ரத்தான பிறகு

கல்யாணமே இல்லையென்றால் ஜீவனாம்சமும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. ரத்துத் தீர்ப்பு தரும்போதும் நிரந்தர ஜீவனாம்சம் வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணத்தில்கூட அது பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. கட்டாயம் தர வேண்டும் என்பதல்ல. இரண்டு தரப்பின் நிலைமையையும் நடத்தையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். மனநோயோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் மருந்துச் செலவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இந்தப் பிரிவுதான் கொஞ்சம் பதில். அந்தப் பெண்ணின் நகை அவளுடையதே. பொய் சொன்னது அவள் அப்பா என்பதற்காக அறுபது பவுனைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை வந்துவிடாது. குழந்தை பிறந்திருந்தால், ரத்துக்குப் பிறகும் அது சட்டப்படியான குழந்தைதான். பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு.

தீர்ப்பு கையில் வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகு, வீட்டில் மறுபடி வரன் பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்போது ஒரு பேச்சு வரும். "ரத்துன்னா கல்யாணமே நடக்கலைன்னுதானே அர்த்தம்? பயோடேட்டால எதுக்குப் போடணும்?" சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால் வாதம் சரிபோலத்தான் தெரியும். ஆனால் முந்தைய திருமணத்தை மறைத்ததையே முக்கியமான உண்மையை மறைத்த மோசடி என்று சொல்லித் திருமணங்களை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. ஆகவே மாப்பிள்ளை, அந்த மாத்திரை அட்டையில் தொடங்கி இந்தத் தீர்ப்பு நகல் வரை, அடுத்த கூடத்தில் முதல் நாளே எடுத்து வைத்துவிடுவது நல்லது.